சொல்லைச் சொன்னபடியே கொள்ளும் நாடு: நார்ட்டன் ஜஸ்டரின் சிறார் நாவலில் அணிமொழியும் நகையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் நார்ட்டன் ஜஸ்டர் எழுதி 1961இல் வெளிவந்த ‘தி ஃபேண்டம் டோல்பூத்’ என்னும் சிறார் நாவலில் அணிமொழி நகையாக மாறும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்கில் தேய்ந்த மரபுத்தொடர்களை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு கதை நிகழ்ச்சியாக்குவதே இந்நாவலின் அடிப்படை உத்தி. தொல்காப்பியர் நகைக்குக் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு நிலைக்களன்களையும், சிலேடை குறித்த தமிழ் அணியிலக்கணக் கருத்துகளையும் அளவுகோலாகக் கொண்டு இவ்வுத்தி விளக்கப்படுகிறது. நகைக்குரியோர் பெரியோராகவும் நகைப்போர் சிறாராகவும் அமைவதால் நகை இங்கு அறிதலின் வடிவம் பெறுகிறது என்பதும், இந்நகையைத் தமிழில் தருவதற்குத் தமிழ் மரபுத்தொடர்களே போதிய வளம் உடையன என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: சிறார் நாவல், மரபுத்தொடர், சிலேடை, மெய்ப்பாடு, நகை, மடன், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

சிறார் இலக்கியத்தில் நகைச்சுவை பெரும்பாலும் துணைப்பொருளாகவே மதிப்பிடப்பட்டு வருகிறது. அறக்கருத்தை இனிமையாக ஊட்டும் தேன் என்றும், வாசிப்பில் சலிப்பு நேராமல் காக்கும் கருவி என்றும் அதனைக் கூறுவர். அணிமொழியையும் அவ்வாறே நடைக்கு அழகூட்டும் புறக்கூறாக எண்ணும் போக்கு உண்டு. இவ்விரண்டும் கதையின் எலும்புக்கூடாகவே அமைந்துவிட்ட நூல்களுக்கு இத்தகைய மதிப்பீடு பொருந்துவதில்லை. அத்தகைய நூல்களைப் படிக்கும் சிறார் எதனைக் கண்டு சிரிக்கின்றனர், அச்சிரிப்பில் அவர்கள் எதனை அறிந்துகொள்கின்றனர் என்னும் வினாக்கள் தனியே ஆராயத்தக்கன.

மொழிபெயர்ப்பு நோக்கிலும் இவ்வினாக்கள் இன்றியமையாதவை. சொல்விளையாட்டு மிகுந்த சிறார் நூல்கள் பிறமொழிக்குச் செல்லும்போது நகைப்பகுதிகள் நீக்கப்படுவதோ, அடிக்குறிப்பில் விளக்கப்படுவதோ உண்டு. விளக்கப்பட்ட நகைத்துணுக்கு நகைப்பைத் தருவதில்லை. குழந்தைக்கு எஞ்சுவது அறிவுரை மட்டுமே. ஆகவே நகை எவ்வாறு கட்டமைக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்தால்தான் எதனைக் காக்க வேண்டும், எதனை மாற்றலாம் என்பது தெளிவாகும்.

ஜஸ்டரின் நாவலில் நகை, சொல்லுக்கு உள்ள இருபொருளையும் ஒருசேர அறிந்த வாசகருக்கும் ஒருபொருளை மட்டுமே பற்றிக்கொண்ட கதைமாந்தருக்கும் இடையிலான இடைவெளியில் பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வின் எல்லை இந்த ஒரு நூலே. பகுப்பாய்வு முறையும் விளக்கமுறையும் பின்பற்றப்பட்டுள்ளன.

நூலும் கதையமைப்பும்

கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய நார்ட்டன் ஜஸ்டர் 1929இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்து 2021இல் மறைந்தார். நகரங்களைப் பற்றிச் சிறாருக்கு ஒரு நூல் எழுத நிதியுதவி பெற்றிருந்த காலத்தில், அப்பணியினின்று விலகி அவர் எழுதத் தொடங்கியதே இந்நாவல். ஓவியங்களை ஜூல்ஸ் ஃபைஃபர் வரைந்தார். நூல் 20 இயல்களை உடையது. ஒவ்வோர் இயலும் ஓர் இடத்தையோ ஒரு வினோத மாந்தரையோ மையமிட்டு அமைவதால் தனித்தனியே படித்து மகிழ்வதற்கும் ஏற்றது.

மைலோ என்னும் சிறுவனுக்கு எதிலும் ஈடுபாடில்லை. பள்ளியில் இருக்கும்போது வெளியே செல்ல விரும்புவான். வெளியே வந்தால் உள்ளே செல்ல விரும்புவான். ஒருநாள் அவன் அறையில் ஒரு பொதி வந்திருக்கிறது. அதிலுள்ள விளையாட்டுச் சுங்கச்சாவடியைப் பூட்டி நிறுத்தித் தன் சிறு மின்சாரக் காரில் அதனைக் கடந்ததும் வேறோர் உலகை அடைகிறான். அங்கே சொற்களின் தலைநகரான டிக்‌ஷனோபோலிஸை அசாஸ் மன்னரும், எண்களின் தலைநகரான டிஜிட்டோபோலிஸை அவருடைய உடன்பிறந்தாராகிய கணித மாயாவியும் ஆள்கின்றனர். சொல் உயர்ந்ததா, எண் உயர்ந்ததா என்னும் வழக்கில் இரண்டும் சமமே என்று தீர்ப்பளித்த இரு இளவரசியரும் நாடு கடத்தப்பட்டு வானத்துக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டுள்ளனர். அவர்களை மீட்பதே மைலோவின் பணியாகிறது. கடிகார உடல்கொண்ட நாயாகிய டாக்கும், வெற்றுப் பெருமை பேசும் வண்டாகிய ஹம்பக்கும் அவனுக்குத் துணைவர். இக்கட்டுரையில் முதல் தலைநகரைச் சொல்நகர் என்றும் இரண்டாவதை எண்நகர் என்றும் குறிப்பிடுவோம்.

இளவரசியரின் பெயர்கள் ரைம், ரீசன். எதுகையும் காரணமும் என்பது அவற்றின் பொருள். ஒழுங்கும் பொருத்தமும் அற்ற ஒன்றை ஆங்கிலத்தில் எதுகையும் இல்லை, காரணமும் இல்லை என்பர். அத்தொடரை நேர்ப்பொருளில் கொண்டு, எதுகையும் காரணமும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டமையால் நாடு சீர்கெட்டது என முழுக்கதையையும் கட்டியுள்ளார் ஆசிரியர். ஒரு மரபுத்தொடரே கதைக்கருவாகிவிட்டமை இந்நூலில் அணிமொழி பெறும் இடத்தைக் காட்டப் போதுமான சான்றாகும்.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின்வழிப் பிறக்கும் என்கிறார். இந்நான்கினையும் ஜஸ்டரின் நாவலுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

எள்ளல் அதிகாரத்தை நோக்கியது. சொல்நகரின் காவல் அதிகாரியே கைது செய்பவரும், நீதி வழங்குபவரும், சிறைக் காவலருமாக இருக்கிறார். மைலோவிடம் நீண்ட தண்டனை வேண்டுமா, குறுகிய தண்டனை வேண்டுமா என்று கேட்கிறார். ஆங்கிலத்தில் தண்டனைக்கும் வாக்கியத்திற்கும் ‘சென்டென்ஸ்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. மைலோ குறுகியதைக் கேட்க, அவரும் இருசொல் வாக்கியம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறார். பின் சிறு கூடுதலாக அறுபது இலட்சம் ஆண்டுச் சிறையையும் விதிக்கிறார். சடங்கு முறையாக நிறைவேறிய மனநிறைவு அவருக்கு. நீதி நடந்ததா என்பது அவர் கவலையன்று.

இளமையின்வழிப் பிறக்கும் நகை மைலோவைச் சார்ந்தது. உலகின் நிறங்களையெல்லாம் இசைக்குழு ஒன்று இசைத்து உண்டாக்குகிறது என்பது நூலில் வரும் அழகிய உருவகங்களுள் ஒன்று. குழுத்தலைவர் உறங்கும் வேளையில் மைலோ தானே விடியலை இசைப்பிக்க முயல்கிறான். கருவிகள் அவன் கைக்கு அடங்காமல் முழங்க, நிறங்கள் தாறுமாறாகி, ஏழு நாள்கள் சில கணங்களில் ஓடிவிடுகின்றன. இத்தகைய நகையில் இகழ்ச்சி இல்லை. செய்து பார்க்கத் துணிந்த பிள்ளைமையின்மீது வாசகருக்குப் பரிவே தோன்றுகிறது.

பேதைமைக்கு மந்தநிலம் எனத்தக்க பகுதியில் வாழும் சோம்பர்கள் சான்றாவர். அங்கே சிந்திப்பது சட்டப்படி குற்றம். சிரிப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. நாள் முழுவதும் ஒன்றும் செய்யாதிருப்பதற்கு மணிவாரியாக அவர்கள் அட்டவணை வகுத்துள்ளனர். சிந்தனையையும் சிரிப்பையும் ஒரே நிலத்தில் தடைசெய்திருப்பது கருதத்தக்கது. இரண்டும் ஓரினம் என்னும் ஆசிரியரின் கருத்து நூலின் தொடக்கத்திலேயே இவ்வாறு மறைமுகமாக வைக்கப்பட்டுவிடுகிறது.

இந்நான்கனுள் நூலில் மிகுந்து நிற்பது மடன். பிறர் அறிவுறுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்று மடத்திற்கு உரைமரபில் ஒரு விளக்கம் வழங்குகிறது. பேதை அறியாதவன், மடனுடையோனோ ஒன்றை அறிந்து, அதனையே இறுகப் பற்றி, சூழல் வேறுபட்டபோதும் விடாதவன். சொல்நகர மாந்தர் இத்தகையோர். அகராதி சொல்லுக்குத் தந்த பொருளை அவர்கள் பற்றிக்கொண்டனர். பேசுவோன் கருதிய பொருள் அவர்களுக்கு எட்டுவதில்லை. அரண்மனை விருந்தில் மைலோ எளிய உணவு போதும் என்னும் கருத்தில் ‘லைட்’ உணவு கேட்கிறான். அச்சொல்லுக்கு ஒளி என்றும் பொருள் உண்டாதலால் தட்டுகளில் வண்ண ஒளிக்கதிர்கள் பரிமாறப்படுகின்றன. நிறைவான உணவு என்னும் பொருளில் ‘ஸ்கொயர்’ உணவு கேட்டால் ஆவி பறக்கும் சதுரத் துண்டுகள் வருகின்றன. மைலோ பொருளறிந்து பேசுகிறான். பொருளறியாதோர் பரிமாறும் பெரியோரே.

பேசுவோனின் கருத்தை உணராமல் சொல்லை நேர்ப்பொருளில் கொள்வது பொதுவாகக் குழந்தையின் இயல்பாகக் கருதப்படும். சிறார் கதைகளில் குழந்தையின் அத்தகைய பிழையைக் கண்டு பெரியவர் சிரிப்பது வழக்கம். ஜஸ்டர் இவ்விடத்தை மாற்றி, குழந்தைக்கு உரியதெனக் கருதப்பட்ட பிழையை மன்னருக்கும் அமைச்சருக்கும் ஏற்றிவிடுகிறார். அப்பிழையிலிருந்து தானும் அண்மையில் வெளிவந்தவனாகிய சிறுவாசகன் அதனை உடனே இனங்காண்கிறான். இனங்காணும் அக்கணமே அவனது நகையாகிறது.

தேய்ந்த உருவகம் உயிர்பெறுதல்

மரபுத்தொடர் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் உயிருள்ள உருவகமாக இருந்திருக்க வேண்டும். வழக்கில் தேய்ந்தபின் அதனுள் இருந்த காட்சி மறைந்து, கருத்து மட்டும் எஞ்சுகிறது. ஜஸ்டரின் உத்தி இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. கருத்தை ஒதுக்கிக் காட்சியை மீட்டு, அதனை ஓர் இடமாகவோ உணவாகவோ உயிராகவோ நடமாடவிடுகிறது.

விருந்தில் ஒவ்வொருவரும் உரையாற்ற வேண்டும். உரையில் சொன்ன சொற்களே பின்னர் அவரவர் தட்டில் வருகின்றன. தான் சொன்னதைத் திரும்பப் பெறுவதைத் தன் சொல்லைத் தானே உண்ணுதல் என்பது ஆங்கில வழக்கு. பழகியோர் எல்லோரும் சுவையான பண்டங்களின் பெயர்களையே அடுக்கி உரையாற்ற, மைலோ மட்டும் அவையடக்கத்துடன் முறையான உரையைத் தொடங்கி, சுவையற்ற சொற்களை உண்ண நேர்கிறது. இறுதியில் அரைகுறையாக வெந்த பணியாரங்களாக வருபவை அரைகுறையான கருத்துகள். உலகம் தட்டையானது என்பதும் அவற்றுள் ஒன்று. மக்கள் நெடுங்காலம் விழுங்கிய கருத்து அது.

இக்காட்சியைப் படிக்கும் சிறாருள் இருவகையினர் இருப்பர். மரபுத்தொடரை முன்பே அறிந்த குழந்தை, கருத்துக்கும் காட்சிக்கும் இடையிலான முரணைக் கண்டு சிரிக்கும். அறியாத குழந்தைக்குச் சொற்களை உண்ணும் விருந்து வேடிக்கையான காட்சியாகவே அமையும். பின்னொரு நாள் அத்தொடரைக் கேட்கும்போது அதன் பொருள் இக்காட்சியின் துணையால் விளங்கும். முதல் வகையினர் அணியிலிருந்து காட்சிக்கும், இரண்டாம் வகையினர் காட்சியிலிருந்து அணிக்கும் செல்கின்றனர். எவ்வழியிலும் குழந்தை தோற்பதில்லை.

பலபொருள் ஒருசொல்லும் ஒருபொருட் பன்மொழியும்

ஒருவகைச் சொற்றொடர் பலபொருளுக்கு இடமளிப்பதைச் சிலேடை என்னும் தண்டியலங்காரம், சொல் பிரியாது நின்று பலபொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், வேறுவேறாகப் பிரிந்து பலபொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் வகுக்கிறது. ஜஸ்டரின் சொல்விளையாட்டுகள் பெரும்பாலும் செம்மொழிச் சிலேடைகளே. காளமேகம் முதலிய புலவரிடம் சிலேடை புலமையின் வெளிப்பாடாக அமைந்து, கற்றோர் அவையில் பாராட்டப்பட்டது. ஜஸ்டரிடம் அது இயங்கும் பாத்திரமாகிறது. ஆங்கிலத்தில் ‘வாட்ச்’ என்பது காவலையும் கைக்கடிகாரத்தையும் குறிக்கும். அதனால் காவல்நாயாகிய டாக் கடிகாரத்தையே உடலாகக் கொண்டுள்ளது. காலத்தைக் கொல்வதாக மைலோ சொன்னதும், காலத்தை வீணாக்குவதே தீது, கொல்வது எத்துணைக் கொடிது என்று அது சினக்கிறது. சிலேடையால் பிறந்த பாத்திரம் மரபுத்தொடரைக் கேட்டுப் புண்படுவதால் ஓரணி மற்றோரணியின்மேல் வளர்கிறது.

இதற்கு மறுதலையான நகையும் நூலில் உண்டு. அசாஸ் மன்னரின் ஆலோசகர் ஐவரும் ஒரே கருத்தை ஐந்து சொற்களால் மாறிமாறிச் சொல்கின்றனர். வரவேற்பானாலும் வினாவானாலும் ஐந்து முறை வருகிறது. இதனைத் தமிழ் இலக்கணம் ஒருபொருட் பன்மொழி என்னும். நிகண்டு மனனம் செய்த மரபினர்க்கு இது புதிதன்று. ஒரு சொல் பலபொருள் தரும் வளமும், பலசொல் ஒருபொருளிலேயே தேங்கும் வறுமையும் ஒரே நகரில் அருகருகே காட்டப்படுகின்றன. சொல் மிகுந்த நகரில் பொருள் குறைந்துவிட்டது என்னும் விமரிசனம் இங்கே விளக்கவுரை இன்றியே புலனாகிறது.

சொல் சாராத நகை

நூலின் நகை அனைத்தும் சொல்லையே சார்ந்ததன்று. எண்நகர்ப் பகுதியில் இடமுரணும் அளவுமுரணும் நகைக்குக் காரணமாகின்றன. சராசரிக் குடும்பத்தில் 2.58 குழந்தைகள் உண்டு என்னும் கணக்கின்படி, அந்த 0.58 பங்காகிய சிறுவன் பாதிக்குச் சற்று மிகுந்த உடலோடு மைலோவின் எதிரே நிற்கிறான். சராசரிக் குடும்பத்திற்கு 1.3 கார் என்பதால், பத்தில் மூன்று பங்கு காரை ஓட்ட வல்லவன் தான் ஒருவனே என்று பெருமையும் கொள்கிறான். புள்ளியியல் மொழியை நேர்ப்பொருளில் கொண்டமையால் பிறந்த நகை இது. சொல்லுக்குச் செய்ததையே ஆசிரியர் எண்ணுக்கும் செய்கிறார்.

உலகின் மிகக் குள்ளமான அரக்கன், மிக உயரமான குள்ளன், மிகப் பருத்த ஒல்லியன், மிக ஒல்லியான பருமன் என்று ஒரே வீட்டின் நான்கு கதவுகளிலும் பெயர் பொறிக்கப்பட்டிருக்க, நான்கையும் திறப்பவன் இயல்பான உருவமுடைய ஒரே மனிதன். பார்வைக் கோணம் என்னும் அருவக் கருத்து இங்கே நான்கு கதவுகளாக உருப்பெற்றுள்ளது. இத்தகைய பகுதிகள் எம்மொழிக்கும் இழப்பின்றிச் செல்லக்கூடியவை.

நகையும் அறவுரையும்

இந்நாவலுக்கு அறநோக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. கல்வியில் ஈடுபாடற்ற சிறுவன் ஈடுபாடு பெறுவதே கதை. எனினும் அறவுரை நேரடியாக ஒலிக்கத் தொடங்கும் இடங்களில் நகை குறுக்கிட்டு அதனைக் கதையாக்கிவிடுகிறது. ஆராயாமல் ஒரு முடிவுக்குத் தாவுவோர், முடிவு என்னும் பெயருடைய தீவில் போய் விழுகின்றனர். மீள வேண்டுமாயின் அறிவுக்கடலை நீந்தியாக வேண்டும். மைலோவும் டாக்கும் நனைந்து கரையேற, ஹம்பக் மட்டும் துளியும் நனையாமல் வருகிறது. கற்றும் ஒட்டாத கல்வியைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் ஒரு வண்டின் உலர்ந்த உடலே அதனை உணர்த்துகிறது.

நகையைப் பற்றிய ஆசிரியரின் நேர்க்கூற்றுக்கு மிக அண்மையில் வருவது அறியாமை மலைகளில் நிகழும் காட்சி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியொத்த பெயருடைய அலுவலர் ஒருவர், முடிவற்ற படிவங்களை நிரப்பச் செய்து பயணியரின் உணர்வுகளைப் பறித்துக்கொள்கிறார். நோக்க உணர்வு, கடமை உணர்வு, அளவறி உணர்வு ஆகியன அவர் கவரும் பொருள்கள். மூவரும் மயங்கி நிற்கையில், ஒலிகளின் காப்பாளர் முன்பு மைலோவுக்கு அளித்த பொதி கீழே விழுந்து திறக்கிறது. அதனுள்ளிருந்து சிரிப்பொலி எழ, மூவரும் சிரிக்கின்றனர், மயக்கம் கலைகிறது. நகைச்சுவை உணர்வு ஒன்றை மட்டும் அந்த அலுவலரால் எடுத்துக்கொள்ள இயலாது. தொடக்கத்தில் மந்தநிலத்தில் தடைசெய்யப்பட்ட சிரிப்பு இங்கே மீட்கும் ஆற்றலாகத் திரும்புகிறது. இவ்விரு காட்சிகளையும் இணைத்து நோக்கின் நகை இந்நூலின் உத்தி என்பதோடு உள்ளடக்கமும் ஆகிறது எனலாம்.

தமிழாக்க நோக்கில்

சொல்விளையாட்டு மொழிபெயர்ப்புக்கு இடந்தராது என்னும் கருத்து பரவலாக உள்ளது. மேற்கண்ட பகுப்பாய்வு அக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. காக்கப்பட வேண்டியது ஆங்கிலத் தொடர் சுட்டும் பொருள் அன்று. ஒரு தொடர் கருத்தாகவும் காட்சியாகவும் ஒருசேர நிற்கும் இருமையே காக்கப்பட வேண்டும். அவ்வகையில் இந்நூலின் அணிகளைத் தமிழோடு ஒப்பிட்டு நான்காக வகுக்கலாம்.

முதலாவது, கருத்தும் காட்சியும் நேராகப் பொருந்துவன. அரைகுறையாக வெந்த கருத்துக்குத் தமிழில் அரைவேக்காடு என்னும் வழக்கு அப்படியே உள்ளது. வானத்துக் கோட்டைக்கு மனக்கோட்டை உண்டு. பன்னிரண்டு முகங்களிலும் வெவ்வேறு உணர்ச்சி காட்டும் வடிவியல் உருவம் எண்நகரில் வருகிறது. முகம் என்னும் சொல் தமிழ்க் கணிதப் பாடநூலிலும் கனவுருவின் பக்கத்தைக் குறிப்பதால் அந்நகையும் முழுமையாகக் கிடைக்கிறது. கணக்கெடுத்தல், உணர்வெடுத்தல் என எடுத்தல் என்னும் வினை இரண்டிற்கும் பொதுவாதலால் மேற்கண்ட அலுவலரின் பெயரும் எளிதில் அமையும்.

இரண்டாவது, காட்சி ஒத்துக் கருத்து வேறுபடுவன. சொல்நகரில் எவரும் பேசாதிருந்தால் மட்டுமே நகரும் வண்டி ஒன்று உண்டு. சொல்லாமலே விளங்கும் என்பதற்கான ஆங்கிலத் தொடரில் போதல் என்னும் வினை இருப்பதே அதற்குக் காரணம். தமிழில் விடைபெறாமல் நீங்குவதைச் சொல்லாமல் கொள்ளாமல் போதல் என்கிறோம். கருத்து வேறாயினும், சொல்லாமல் கொள்ளாமல் போகும் வண்டி என்றவுடன் தமிழ்க் குழந்தைக்கு நகை தோன்றும். சொல்லை உண்ணும் விருந்திற்கு மென்று விழுங்குதல் என்னும் வழக்கு துணைநிற்கும். அது சொல்லத் தயங்குவதைக் குறிப்பது. வெற்றுரையை வாயிலேயே வடை சுடுதல் என்னும் பேச்சுவழக்கு ஹம்பக்கின் விருந்துரைக்கு மிகப் பொருந்தும். கேள்வியைச் செவிக்கு உணவாகக் காணும் நோக்கு திருக்குறளிலேயே இருப்பதால் சொல்லை உணவாக்கும் கற்பனை தமிழுக்கு அயலானதன்று.

மூன்றாவது, கருத்து ஒத்துக் காட்சி வேறுபடுவன. காலத்தைக் கொல்லுதல் என்பது தமிழுக்கு இயல்பானதன்று. பொழுதைக் கழித்தல் என்பதே வழக்கு. கழித்தல் கணக்கையும் குறிக்கும். பொழுதைக் கழித்தால் மீதி என்ன என்று நாய் சினந்து கேட்கலாம். எண்நகரில் உண்ண உண்ணப் பசி மிகுக்கும் கழித்தல் குழம்பு பின்னர் வருவதால் இம்மாற்றம் மூலத்தில் இல்லாத ஓர் இணைப்பையும் தருகிறது. நாயின் பெயராகிய டாக் என்பது தமிழெழுத்தில் நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவே மயங்கும். அதற்கு மணி என்று பெயரிடலாம். நாழிகையையும் ஒலிக்கும் மணியையும் குறிக்கும் அச்சொல், தமிழ்நாட்டில் வீட்டு நாய்களுக்குப் பெருவழக்காக இடும் பெயருமாகும். ஆராயாமல் முடிவெடுத்தலை எடுத்தேன் கவிழ்த்தேன் என்னும் தொடர் உணர்த்துவதால், படகு கவிழ்ந்து முடிவுத் தீவில் ஒதுங்குவதாகக் காட்சியை மாற்றியமைக்கலாம். தண்டனைச் சிலேடைக்குத் தீர்ப்பு என்னும் சொல் இடந்தரும்: நீளமான தீர்ப்பு என்பது நீண்ட வாசகத்தையும் நீண்ட சிறையையும் உணர்த்தும். ஓரெழுத்து ஒருமொழிகள் நிறைந்த தமிழில் ‘போ’ என்னும் ஒற்றை எழுத்தே முழுத் தீர்ப்பாகிவிடும். எழுத்துக்கூட்டும் தேனீக்கு, எழுத்தாகவும் உயிரியின் பெயராகவும் நிற்கும் ‘ஈ’ உதவும்.

நான்காவது, இணை காண இயலாதன. சூனியக்காரியைக் குறிக்கும் சொல்லும் எது என்னும் வினாச்சொல்லும் ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்றுபடுவதைக் கொண்டு அமைந்த மூதாட்டியின் பெயர் இவ்வகையினது. எந்தச் சொல்லை எப்போது வழங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையது. அப்பொறுப்பைத் தமிழில் கூறலாம். ஒலியொப்புமை கைவிடப்பட வேண்டியதே. இளவரசியரின் பெயர்களும் இத்தகையன. எதுகையும் காரணமும் என்னும் இணை தமிழில் மரபுத்தொடராக இல்லை. சந்தம், சிந்தை எனப் பெயரிட்டால் ஓசையும் அறிவும் இணைந்து நிற்கும் நயம் கிடைக்கும். மரபுத்தொடர் கதைக்கருவாகும் வியப்பு கிடைக்காது. முழுக்கதையும் இவ்விணையின்மேல் நிற்பதால் இதுவே மூலத்தினின்று நேரும் பேரிழப்பாகும்.

இவ்வொப்பீட்டில் மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய வரம்பு ஒன்றுண்டு. கதை நிகழும் உலகம் மைலோவின் உலகம். அவன் பெயரையும் காரையும் சுங்கச்சாவடியையும் தமிழ்மண்ணுக்குப் பெயர்க்கத் தேவையில்லை. சொல்நகர் எம்மொழியின் சொற்களாலும் அமையலாம் என்பதால் அணிமொழியை மட்டும் தமிழ் வழக்கில் புதிதாகக் கட்டுவதே பொருந்தும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. ஜஸ்டரின் நாவலில் மரபுத்தொடர்களும் சிலேடைகளும் நடைக்கு அழகூட்டுவதோடு நில்லாமல் இடமாகவும் பாத்திரமாகவும் கதைக்கருவாகவும் இயங்குகின்றன.

2. தொல்காப்பியர் கூறும் நகையின் நிலைக்களன்கள் நான்கும் இதில் இடம்பெறினும் மடனே மிகுந்துள்ளது. கற்றுக்கொண்ட ஒரு பொருளை விடாது பற்றிய பெரியோரைச் சிறார் கண்டு சிரிக்கின்றனர்.

3. ஒரு சொல்லின் இரு பொருளையும் ஒருசேர மனத்தில் நிறுத்தும் குழந்தையே இந்நகையை நுகர்கிறது. எனவே நகைத்தல் இங்கு மொழியறிவின் வெளிப்பாடாகிறது. சிந்தனையும் சிரிப்பும் ஒரே சட்டத்தால் தடைபடுவதும், இறுதியில் சிரிப்பு சிந்தையை மீட்பதும் இதனை உறுதிப்படுத்துகின்றன.

4. நூலின் அணிகளுள் கதையை நடத்துவன பலவற்றுக்குத் தமிழில் நேரிணையோ மாற்றிணையோ காண இயல்கிறது. அடிக்குறிப்பு விளக்கத்தையும் நீக்கத்தையும் மொழிபெயர்ப்பாளர் இறுதி வழியாகவே கொள்ளலாம்.

தமிழ்க் குழந்தைகள் நாள்தோறும் கேட்கும் மனக்கோட்டையும் அரைவேக்காடும் சொல்லாமல் கொள்ளாமல் போதலும் கதையாகக் காத்திருக்கும் உருவகங்களே. தமிழில் நேரடியாக எழுதப்பட்ட சிறார் நாவல்களில் இத்தகைய மரபுத்தொடர் நகை எந்த அளவுக்குப் பயன்பட்டுள்ளது என்பது மேலாய்வுக்குரிய களமாகும்.